சிறுத்தை காடு திரும்பக் கைகொடுத்தவர்களுக்கு

கந்தளாய்ப் பக்கத்து உறவுகளுக்கு வணக்கம்.

காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் சிறுத்தை கிடப்பதைக் கண்டதும் வனஜீவராசிகள் திணைக்களத்தின் 1992 தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்த சேனைக்காரருக்கு முதல் நன்றி. கம்பி முன்னங்காலில் இருக்கிறது என்பதைத் தூரத்திலிருந்தே பார்த்துச் சொன்னார். இடுப்பில் இறுகியிருந்தால் கதையே வேறு: வெளியே கீறல்கூடத் தெரியாது, உள்ளே குடல் நசுங்கியிருக்கலாம். கழுத்தில் இறுகினாலும் ஆபத்துத்தான்: 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் அப்படிச் சிக்கி மீட்ட கருஞ்சிறுத்தை, உடவளவையில் சிகிச்சை அளித்தும் சில நாளில் இறந்துபோனது.

கூட்டத்தை 100 மீற்றருக்கு அப்பால் மறித்து, ஓட்டோ எஞ்சின்களை அணைக்கவைத்த பொடியன்மாருக்கும் நன்றி. கிளட்ச் வயர்ச் சுருக்கு ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் இறுகும், தளராது. ஆளைக் கண்டால் சிறுத்தை பாயும். பாய்ந்து பாய்ந்து தசை சிதைந்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்தைக் கெடுக்கும். காயம் ஆறியும் மிருகம் சாவது இதனால்தான். வீடியோ எடுக்கக் கிட்டப் போனவர்களை ஏசித் துரத்திய அம்மாவுக்குத் தனி நன்றி. அந்த ஏச்சுக்கு மருந்தின் மதிப்பு!

வனஜீவராசிகள் திணைக்கள மிருக வைத்தியர், மெடிட்டமிடினும் கெட்டமினும் கலந்த மயக்க ஊசியைப் பின்தொடையில் ஏற்றினார். கம்பி இறுகிய காலில் இரத்தம் ஓடாது, அங்கே போட்டால் மருந்து ஏறாது. பிறகு 15 நிமிடம் ஒருவரும் அசையவில்லை. விழுந்த சிறுத்தை மயங்கிவிட்டது என்று நம்பக் கூடாது. நீளத் தடியால் காது மயிரைத் தொட்டார்கள், காது துடித்தது. இன்னும் காத்திருந்தார்கள்.

கெட்டமினில் கண் மூடாது. அதனால் கண்ணுக்குக் களிம்பு, மேலே ஈரத்துணி. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உடல்வெப்பம். 40 பாகை தாண்டியதும் வயிற்றிலும் தொடை இடுக்கிலும் ஊற்றக் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்த பெண்களே, நீங்கள் இல்லாவிட்டால் அது சூட்டிலேயே போயிருக்கும்.

பெரிய கம்பிவெட்டி தந்த வெல்டிங் கடை அண்ணாவுக்கும் நன்றி. சாதாரணக் குறட்டால் நறுக்கினால் இழைகள் பிரிந்து புண்ணுக்குள் குத்தும். ஒரே கடியில் அறுபட வேண்டும்.

தெளியவைக்கும் ஊசிக்கு அவசரப்படுத்தாததற்கும் நன்றி. கெட்டமின் உடலில் இருக்கும்போதே அதைப் போட்டால் வலிப்பு வரலாம். முக்கால் மணி நேரமாவது பொறுக்க வேண்டும். படங்கு மூடிய கூட்டில் தின்கிறதா, கால் ஊன்றுகிறதா, தசைக் கழிவால் சிறுநீர் கறுக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்தபின், பொழுதுபட அதே காட்டின் ஓரத்தில், வாகனத்துக்கு மேலிருந்து கயிறு இழுத்துக் கதவு திறந்தார்கள். தூரக் காட்டில் விட்டால் பழைய இடம் தேடி ஊர்களுக்குள்ளால் நடக்கும்.

மறுநாள் வேலியோரம் நடந்து மற்றச் சுருக்குகளையும் கழற்றியவர்களே, கம்பிகள் மறுபடி சுருக்காகாதபடி விரல் நீளத்துக்கு நறுக்கியே எறிந்தீர்கள். அதற்கும் நன்றி.

இப்படிக்கு,
சுருக்கு அகற்றும் தொண்டர்கள்,
திருகோணமலை