பொகொனக்கிலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு

அன்புள்ள மணி,

நலம். இங்கிலாந்தில், பிளிமத்தில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் இந்தக் குளிருக்கு இன்னும் ஒத்துவரவில்லை. உன் சர்க்கரை எப்படி இருக்கிறது?

போன ஞாயிறு மாப்பிள்ளை கார்ன்வாலில் பொகொனக் என்ற இடத்துக்குக் கூட்டிப் போனார். பெயருக்கு அது ஒரு பாரிஷ், அதாவது ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப் பகுதி. பாளையங்கோட்டைப் பக்கம் சேகரம் என்பார்களே, அதுதான். ஊரைத் தேடித் தேடிப் பார்த்தேன். கடைவீதி கிடையாது, தெரு கிடையாது. ஒரு மாளிகை, அதன் பின்னால் சின்னதாக ஒரு கல் கோயில், மற்றதெல்லாம் மான் மேயும் காடு. கோயில் எந்தப் புனிதர் பெயரில் எழுந்தது என்பதே மறந்து போய்விட்டதாம். நம் பக்கம் இடிந்த மண்டபத்துக்குக்கூடச் சாமி பெயர் சொல்ல ஒரு கிழவியாவது இருப்பாள்.

இதை உனக்கு எழுதக் காரணம் உண்டு. இந்த எஸ்டேட்டை வாங்கிய பணம் மதராஸில் கிளம்பியது! தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டை கவர்னர். கிருஷ்ணா கரைச் சுரங்கத்து வைரம் ஒன்றை, 410 காரட், ஜாம்சந்த் என்ற வியாபாரியிடம் பேரம் பேசி 48,000 வராகனுக்கு வாங்கினார். 1702இல் மகன் ராபர்ட் அதைக் கப்பலில் கொண்டுபோனான். பட்டை தீட்டியபின் 140 காரட்டுக்குச் சுருங்கிய கல்லை, 1717இல் பிரான்சில் சிறுவயது மன்னருக்குப் பதிலாக ஆண்ட அரசப் பிரதிநிதி 1,35,000 பவுண்டுக்கு வாங்கினார். அதே வருஷம் பிட் பொகொனக்கை வாங்கிவிட்டார். பின்னாளில் பிரதமரான அவர் பேரன் வில்லியம் பிட் சிறுவயதில் ஓடியாடியது இங்கேதான்.

சுரங்கத்து அடிமை ஒருவன் காலைக் கீறிக் காயத்துக்குள் அந்தக் கல்லை ஒளித்து வந்தான் என்று கதை உண்டு. நேர்மையாகத்தான் வாங்கினேன் என்று பிட் எழுதி வைத்துவிட்டுப் போனார். அப்படி எழுதவேண்டி வந்ததே, அதைத்தான் நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. 1708இல் நவாப் தாவூத் கானிடமிருந்து ஐந்து கிராமங்களைக் கும்பெனிக்கு வாங்கிக் கொடுத்தவரும் இதே ஆள்தான்: திருவொற்றியூர், வியாசர்பாடி, கத்திவாக்கம், சாத்தங்காடு, அப்புறம் உன் நுங்கம்பாக்கம். மாப்பிள்ளையிடம் சொன்னேன், நம்பவில்லை.

உன் மொட்டைமாடியிலிருந்து தெருவை ஒரு படம் எடுத்து அனுப்பு. அவருக்குக் காட்ட வேண்டும்.

அன்புடன்,
சுந்தரம்