கணக்கில் 58 வாங்கிக் கொடுத்தவர்களுக்கு

தலைமையாசிரியர் ஐயாவுக்கும், செய்முறை வகுப்பு டீச்சருக்கும், எதிர்வீட்டுப் பாப்பாவுக்கும், என் மருமகளுக்கும் வணக்கம்.

பத்தாம் வகுப்பு முடிவு வந்து இரண்டு வாரம் ஆகிறது. நீடாமங்கலம் பக்கம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் லட்டு கொடுத்தாயிற்று. யாருக்கு எதற்கு நன்றி என்பதை மட்டும் இன்னும் சொல்லவில்லை. 52 வயதில் தனித்தேர்வராக எழுதி, கணக்கில் 58 வாங்கியிருக்கிறேன். தேற 35 போதும். மேற்கொண்டு வந்த 23 உங்களுடையது.

எட்டாவதில் வட்டத்தின் சுற்றளவு நடத்தியபோது, இந்த 22/7 எங்கிருந்து வந்தது என்று எழுந்து கேட்டேன். புறங்கையில் ஸ்கேல் விழுந்தது. அப்புறம் நான் எதையுமே கேட்கவில்லை. ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். வீட்டுக் கஷ்டம் என்றுதான் இத்தனை நாளும் சொல்லி வந்தேன். அது பாதி உண்மை. நாற்று நடப் போனால் கணக்குப் பீரியடில் உட்கார வேண்டாம் என்ற நிம்மதி மீதிப் பாதி.

வயதானால் படிப்பில் ஆசை தானாக வரும் என்பார்கள். வந்தது. ஆனால் பயம் போகவில்லையே! முதல் தடவை ஒரு நோட்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து கணக்கையும் மனப்பாடம் செய்தேன். மற்ற நாலு பாடத்திலும் தேறினேன், கணக்கில் 27. சமூக அறிவியல் சுலபமாக வந்ததற்குக் காரணம் உண்டு. மேட்டூர் அணை, 1934, 120 அடி என்று சின்ன வயதில் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பித்திருக்கிறேன். இன்றைக்கு அணையில் எத்தனை அடி தண்ணீர், ஜூன் 12-ல் திறப்பார்களா என்று பார்த்துத்தான் எங்கள் வீட்டில் குறுவைக்கு விதை எடுப்பதா வேண்டாமா என்று பேசுவோம். அது எப்படி மறக்கும்?

தலைமையாசிரியர் ஐயா, ஓய்வுபெற்ற பிறகும் சாயங்காலம் உங்கள் திண்ணையில் எனக்கு இடம் கொடுத்தீர்கள். முதல் நாள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "சின்ன வயசில் கேட்க நினைச்சு கேட்காமல் விட்டது ஏதாவது இருக்கா?" என்றீர்கள். 22/7 என்றேன். நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு சணலைக் கையில் கொடுத்து வாளி வாயையும் மரக்காலையும் சுற்றி அளக்கச் சொன்னீர்கள். எதை அளந்தாலும் சுற்றளவு, குறுக்களவைப்போல மூன்று மடங்கும் கொஞ்சமும் வந்தது. அந்தக் 'கொஞ்சம்' ஏழில் ஒரு பங்குக்குக் கிட்டே என்று காட்டினீர்கள். வீட்டுக்கு வந்து சாம்பார்க் குண்டான், தாம்பாளம், பேரனின் தட்டு வரை அளந்தேன். மருமகள் ஒரு மாதிரியாகத்தான் பார்த்தாள்.

தை அறுப்பில் களத்துக்கே வந்தீர்கள். குவித்த நெல் கூம்புதானே, நடுவே புகுந்து அளக்க முடியாதே, என்ன செய்யலாம் என்று என்னையே கேட்டீர்கள். கயிற்றால் சுற்றினேன். 13.2 மீட்டர். அப்படியென்றால் ஆரம் 2.1. நடுவில் குச்சியைச் செருகி உயரம் பார்த்தேன், 1.4. கன அளவு ஏறக்குறைய 6.47 கன மீட்டர், அதாவது 6,470 லிட்டர். பத்து லிட்டர் வாளியில் தலை தட்டி அளந்த நெல் 5.75 கிலோ நின்றது. கொள்முதல் நிலையத்து 40 கிலோ சிப்பத்துக்கு 93 மூட்டை என்று கணக்கு வந்தது. எங்கள் வீட்டுக்காரர் தூர நின்று பார்த்துவிட்டு, "தொண்ணூறு தேறும்" என்றார். பிடித்து முடித்தபோது 91. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. ஏன் குறைந்தது என்று நீங்கள் கேட்க, குவியலின் நுனி மழுங்கியிருக்கிறதே, புத்தகத்துக் கூம்பு மாதிரி கூராக இல்லையே என்றேன். "இதை நான் யோசிக்கலை" என்றீர்கள். ஒரு வாத்தியார் வாயிலிருந்து இதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

செய்முறை வகுப்பு டீச்சர், உளுந்துச் செடியைப் பிடுங்கி வேர் முடிச்சைப் பிளேடால் கீறிக் காட்டினீர்களே, உள்ளே இளஞ்சிவப்பு! முப்பது வருஷமாகச் சம்பா அறுப்புக்கு முன்னால் உளுந்து தெளிக்கிறேன். அந்த முடிச்சை ஏதோ நோய் என்றே நினைத்திருந்தேன். செடிக்குத் தழைச்சத்துச் சேர்க்கும் நல்ல பாக்டீரியாவின் வீடு அது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

பாப்பா, காலையில் சொன்ன இங்கிலீஷ் சாயங்காலம் எனக்கு மறந்துவிடும். ஒரே வார்த்தையை ஏழு தடவை சொல்லிக் கொடுத்தாய். உன் வயதில் நான் ஒரு தடவையில் பிடித்துக்கொள்வேன், ஆனால் ஏழு தடவை கேட்கிற தைரியம் அப்போது இல்லை. இங்கிலீஷில் முதல் தடவையே வாங்கிய 41 உன்னால்தான். மருமகளே, தேர்வு நாட்களில் அடுப்படிப் பக்கமே என்னை விடாததற்கு நன்றி.

ஐயா, உங்கள் அளவு டேப் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. குறுவை அறுப்பு முடிந்ததும் கொண்டுவந்து தருகிறேன். இந்தத் தடவை நுனிக்கும் கழித்துக் கணக்குப் போட்டு, எங்கள் வீட்டுக்காரரை ஜெயிக்க வேண்டியிருக்கிறது.