பாம்பன் ஐஸ் கம்பெனியிலேருந்து ஒரு திருத்தம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை அறிவியல் பக்கத்துல செல்போன் ஸ்கிரீன் பத்தி வந்த கட்டுரையை டீக்கடையில வச்சு படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசியில ஸ்கிரீன்ல வெளிச்சம் விடுற ஆர்கானிக் பொருளை, அதாவது கார்பன் சேர்ந்த பொருளை, கடுமையா குளிர வச்சா வெளிச்சம் அணைஞ்சு போயிடும்னு ஒரு வரி போட்டிருந்தீங்க பாருங்க, அங்கதான் இடிச்சுது.

நான் பாம்பன்ல ஐஸ் கம்பெனி ஆபரேட்டர், 22 வருஷ சர்வீஸ். என் அக்கா மக பிசிக்ஸ்ல ஆராய்ச்சி பண்ணுது. லீவுக்கு வந்தப்ப போன்ல ஒரு வீடியோ காமிச்சுது. டெட்ராசீன்னு ஆரஞ்சு கலர்ல மெல்லிசா ஒரு படிகம். நம்ம பீரோவுல போடுற பாச்சா உருண்டைக்கு பங்காளிதான், நாப்தலீன்ல ரெண்டு கார்பன் வளையம், ஆந்த்ரசீன்ல மூணு, இதுல நாலு. சாதாரண சூட்டுல புற ஊதா லைட் அடிச்சா சும்மா பேருக்கு மினுங்குது. அதையே திரவ நைட்ரஜன் ஊத்தி மைனஸ் 196 டிகிரி பக்கம் கொண்டுபோனா பளிச்சுனு பச்சையா எரியுது. திரவ நைட்ரஜன்னா பயப்பட வேணாம், மாட்டாஸ்பத்திரியில சினை ஊசி வச்சிருக்குற கேனைத் திறந்தா வெள்ளையா புகை வருமே, அதே சரக்குதான்.

ஏன் மாமா கூடுதுன்னு கேக்க மாட்டீங்களான்னு அதுவே ஆரம்பிச்சுது. லைட் பட்டதும் எலெக்ட்ரானும் அது விட்டுட்டு வந்த காலியிடமும் ஜோடி சேர்ந்து மூலக்கூறுக்கு மூலக்கூறு தாவிக்கிட்டே போகுமாம், எக்ஸைட்டான்னு பேரு, அந்த ஜோடி அடங்குறப்பதான் வெளிச்சம் வரும். டெட்ராசீன்ல அது வெளிச்சமா வர்றதுக்கு முன்னாடியே ரெண்டா உடையப் பாக்குது, உடைஞ்சது முழுசா பிரிஞ்சு போக சூடு கொஞ்சம் கை கொடுக்கணும், சூட்டை எடுத்துட்டா வெளிச்சத்தோட பங்கு கூடிடுது. அஞ்சு வளையம் உள்ள பென்டசீனுக்கு அந்த உதவி தேவையே இல்ல, தானா உடையும், அதை எவ்வளவு உறைய வச்சாலும் இருட்டுதான். அதனால உங்க வரி முழுப் பொய்யின்னு சொல்ல மாட்டேன், ஆனா எல்லாத்துக்கும் சேத்து எழுதுனது தப்பு. இன்னொண்ணு, வெளிச்சத்தை நிறம் நிறமா பிரிச்சுப் பாத்தா, சூட்டுல மூலக்கூறெல்லாம் ஆடுறதால நிறம் கலங்கி அகலமா தெரியும், திரவ ஹீலியத்துல மைனஸ் 269க்கு போனா ஆட்டம் அடங்கி ஊசி மாதிரி தனித்தனி கோடா பிரியும், படிகத்துக்குள்ள என்ன நடக்குதுன்னு அந்தக் கோட்டை வச்சுதான் படிக்கிறாங்க.

எனக்கு சட்டுனு புரிஞ்சது அழுக்கு சமாச்சாரம். ஆந்த்ரசீன் படிகத்துல பத்து லட்சத்துல சில பங்கு டெட்ராசீன் கலந்திருந்தாலே ஊதாநீல வெளிச்சத்தோட பச்சையும் சேந்து வந்துரும், தாவிக்கிட்டு போற எக்ஸைட்டான் அதுல போய் மாட்டிக்கும். குளிர்ல இது இன்னும் மோசம், சக்தி குறைஞ்ச சின்னச் சின்ன பள்ளத்துல விழுந்தாக்கூட ஏறி வர சூடு இல்ல. அதனால படிகத்தை முதல்ல சுத்தம் பண்ணணும், ஒரு ஓரத்துலேருந்து கொஞ்சம் கொஞ்சமா உருக்கிக்கிட்டே போனா அழுக்கு உருகின பக்கமா நகர்ந்து கடைசி முனையில ஒதுங்கிடுமாம். இதை அது சொன்னதும் நான் சிரிச்சுட்டேன். எங்க ஐஸ் பாரை உடைச்சுப் பாருங்க, ஓரமெல்லாம் கண்ணாடியா இருக்கும், நடுவுல மட்டும் பால் மாதிரி வெள்ளை, தண்ணியில இருந்த காத்தும் உப்பும் உறையாத பக்கமா தள்ளிக்கிட்டே போய் நடுவுல மாட்டுனது அது. தண்ணி சரியில்லாத நாள்ல நடு வெள்ளை பெருசா இருந்தா போட்டுக்காரங்க என்னைத்தான் திட்டுவாங்க.

ஸ்கிரீன் கதையில 1987 கோடாக் கம்பெனியோட வெளிச்சம் விடுற மெல்லிய படலத்தை எழுதுனீங்க, சரி. அதுக்கு முன்னாடி 1963லயே நியூயார்க்குல ஆந்த்ரசீன் படிகத்துக்கு 400 வோல்ட் கொடுத்து வெளிச்சம் எடுத்திருக்காங்க. அதுக்கும் முன்னாடி 1930கள்ல நாப்தலீன், ஆந்த்ரசீன் மாதிரி படிகங்களோட காந்தத் தன்மையை அளந்து உள்ள மூலக்கூறு எப்படி சாஞ்சு கிடக்குன்னு கணக்குப் போட்டவர் கே.எஸ். கிருஷ்ணன், சி.வி. ராமனோட சேந்து வேலை பாத்தவர். அந்த சாய்வாலதான் குளிர்ல ஒரு கோடு ரெண்டா பிரிஞ்சு தெரியுது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் டைரக்டரும் அவர்தான், நம்ம நாட்டுல ஹீலியத்தை திரவமாக்குற மெஷின் முதல்ல வந்ததும் அங்கதான், 1952ல. கட்டுரையில அவர் பேரே இல்ல. ராமேஸ்வரத்துல ஒரு கலாம் இருந்தாருன்னு எல்லாருக்கும் தெரியுது, இவரை யாருக்கும் தெரியல.

அவர் பொறந்த ஊர் 1910லேருந்து 1985 வரைக்கும் நம்ம ராமநாதபுரம் ஜில்லா, இப்ப விருதுநகர். திருத்தம் போட்டீங்கன்னா ஊர் பேரை எழுத்துப் பிழையில்லாம போடுங்க, வத்திராயிருப்பு.

இப்படிக்கு,
ஐஸ் கம்பெனி ஆபரேட்டர்,
பாம்பன்.