பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிக்க நேரம் விடுங்கள்: தலைமை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கு வணக்கம்.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தாயிற்று. திருப்புதல் தேர்வுகள், அறிவியல் செய்முறைத் தேர்வு எல்லாம் போக, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குக் கையில் இருப்பது சில வாரங்கள்தான். அரசுப் பள்ளிகளில் கணக்கு நடத்தி ஓய்வுபெற்றவன் என்ற உரிமையில் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். தினம் தினம் தேர்வு வைப்பதை நிறுத்துங்கள்.

பல பள்ளிகளில் காலை எட்டு மணிக்குச் சிறப்பு வகுப்பு. அப்புறம் ஒரு ஸ்லிப் டெஸ்ட். மதியம் இன்னொன்று. மாலை ஆறரை வரைக்கும் மறுபடி வகுப்பு. இதில் அந்தப் பிள்ளை உட்கார்ந்து படிப்பது எப்போது? ஆசிரியருக்கும் தாள் திருத்தவே பொழுது சரியாகப் போகிறது. மதிப்பெண்ணை வட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எந்த இடத்தில் பிசகியது என்று பக்கத்தில் கூப்பிட்டுச் சொல்ல அவருக்கு நேரம் இல்லை. நேற்று 18 வாங்கியவன் அடுத்த வாரமும் 18தான் வாங்குவான்.

சாப்பாட்டையும் யோசியுங்கள். அரசின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. வீட்டில் அடுப்புப் பற்றவைக்கும் முன்பே கிளம்பி வரும் பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு முதல் சோறு மதியச் சத்துணவுதான். வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் இயற்கணிதம் எவ்வளவு நேரம் நிற்கும்? மாலையில் கடைசி டவுன் பஸ்ஸுக்கு ஓடும் பெண் பிள்ளைகளைப் பற்றி நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

என் பாடத்தையே எடுத்துக்கொள்கிறேன். தேர்ச்சிக்கு வேண்டியது 35. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. கடைசிப் பகுதியில் வடிவியலுக்கு எட்டு மதிப்பெண், வரைபடத்துக்கு எட்டு. இவற்றைக் கூட்டினாலே 30. மீதிக்கு இரண்டு மதிப்பெண் வினாக்களில் நாலைந்து போதும். மெல்லக் கற்கும் பிள்ளையைக் கரையேற்ற இந்த வழியே போதும் என்று உங்கள் கணக்கு ஆசிரியருக்கு நன்றாகவே தெரியும். அவருக்குத் தேவை, அந்தப் பிள்ளையின் அருகில் உட்கார அரை மணி நேரம்.

ஏன் அருகில் உட்காரச் சொல்கிறேன் என்றால், இருபடிச் சமன்பாட்டு வரைபடத்தைப் பாருங்கள். பையன் அட்டவணையைச் சரியாகப் போட்டிருப்பான், புள்ளிகளையும் சரியாகக் குறித்திருப்பான். கடைசியில் ஸ்கேலை எடுத்துப் புள்ளிக்குப் புள்ளி நேர்கோடு இழுத்துவிடுவான். வழவழப்பான வளைவாக வர வேண்டிய பரவளையம் முனை முனையாக நிற்கும். இன்னொருத்தி அழகாக வளைத்திருப்பாள், அளவுத்திட்டம் எழுதியிருக்க மாட்டாள். நூறு தேர்வு வைத்தாலும் இது தானாகச் சரியாகாது. “வளைவுக்கு உள்பக்கம் கை இருக்கிற மாதிரி தாளைத் திருப்பி வெச்சுக்கோ, ஸ்கேலைக் கீழே வை, ஒரே இழுப்பா இழு” என்று ஆசிரியர் கூட இருந்து காட்டினால் பத்து நிமிடத்தில் சரியாகிவிடும்.

சரி, தேர்வே வேண்டாமா என்று கேட்பீர்கள். திருப்புதல் தேர்வுகள் இருக்கட்டும். ஆனால் அவற்றைப் பொதுத்தேர்வு நடக்கும் விதத்திலேயே நடத்துங்கள். மூன்று மணி நேர எழுத்துக்கு முன்னால் வினாத்தாளைப் படிக்கவே பத்து நிமிடம் தருகிறார்கள். அதை என்ன செய்வதென்று தெரியாமல் சும்மா உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஏராளம். கணக்குத் தாளில் ஐந்து மதிப்பெண் பகுதியில் 14 வினாக்களில் 10 எழுத வேண்டும், அதில் 42ஆம் வினா கட்டாயம். எதை முதலில் எழுதுவது, எதை விடுவது என்று அந்தப் பத்து நிமிடத்தில் பென்சிலால் குறித்து வைக்கப் பழக்குங்கள். எனக்குத் தெரிந்து இதை யாரும் தனியாகச் சொல்லிக் கொடுப்பதில்லை.

உங்கள் மேல் இருக்கும் நெருக்கடி எனக்குப் புரியாமல் இல்லை. மாநில அளவில் முதல் மூன்று இடங்களை அறிவிப்பதை 2017இல் அரசு நிறுத்தியது. மாணவர்களுக்கு அது பெரிய ஆறுதல். பள்ளிகளுக்கு அந்த ஆறுதல் வரவில்லை. ஆய்வுக் கூட்டத்தில் தேர்ச்சி விழுக்காட்டைக் காட்டி உங்களை எழுப்பி நிறுத்துகிறார்கள். அந்தச் சூடு ஆசிரியர் வழியாக வகுப்பறைக்கு வந்து, “உன்னாலதான் பள்ளிக்கூடத்து பேர் போகப்போகுது” என்று ஒரு பதினைந்து வயதுப் பிள்ளையின் மேல் இறங்குகிறது. அந்தச் சொல்லை உங்கள் பள்ளியில் யார் சொன்னாலும் தடுங்கள். தவறிப்போனாலும் துணைத்தேர்வு உண்டு, அதே ஆண்டிலேயே பிளஸ் ஒன் சேரலாம் என்பதை இப்போதே, எல்லாப் பிள்ளைகளும் இருக்கும் நேரத்தில், நீங்களே சொல்லுங்கள். முடிவு வந்த அன்று சொல்வது சில பிள்ளைகளுக்குக் காலம் கடந்ததாகிவிடும்.

கால அட்டவணையைத் திருத்தும் பேனா உங்கள் கையில். மதியத்துக்கு மேல் இரண்டு பாடவேளையை அவரவர் தடுமாறும் பாடத்தைத் தாமாகப் படிக்க விடுங்கள், ஆசிரியர்கள் வரிசை வரிசையாகப் போய் உட்காரட்டும். பள்ளியை நாலரைக்கு முடியுங்கள். ஞாயிற்றுக்கிழமை யாரையும் அழைக்காதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்