கிட் யாருடையதோ அவரே ஓப்பனிங்

வேலூர்,
28.12.2025

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. முக்கால்வாசி ரோஹித்தும் கோலியும்தான். தங்கச்சிக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. அடுத்த கடிதத்தில் அதை முதலில் எழுது. இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குக் காட்பாடியிலேயே வேலை கிடைத்துவிட்டது. இனி விடியற்காலையில் ரயிலுக்கு ஓட வேண்டாம் என்பதில் அவளைவிட அவள் அம்மாவுக்குத்தான் சந்தோஷம். எனக்கு சுகர் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அதனால் தினமும் கோட்டை மைதானத்தில் நடக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "டெஸ்ட்டிலிருந்து ரெண்டு பேரையும் துரத்திவிட்டார்கள், அதனால்தான் கவுகாத்தியில் தென்னாப்பிரிக்காவிடம் 408 ரன்னில் உதை வாங்கினோம்" என்று எழுதியிருக்கிறாய். நடை முடிந்து டீ குடிக்கும் எங்கள் கூட்டத்திலும் இதே பேச்சுதான். தோல் கம்பெனியில் ரிட்டையர் ஆன பாய் உன் கட்சி. கணக்கு வாத்தியார் எதிர்க்கட்சி. மருந்துக்கடையில் வேலை செய்யும் பையன் ஒருத்தன் கோலியின் பதினெட்டாம் நம்பர் பனியனோடு வருவான். யார் எதைச் சொன்னாலும் "ராஞ்சி பாத்தியாண்ணா, ராய்ப்பூர் பாத்தியாண்ணா" என்பான். பார்த்தோம்டா தம்பி. ராஞ்சியில் 135, ராய்ப்பூரில் 102, விசாகப்பட்டினத்தில் அவுட்டாகாமல் 65. யார் இல்லை என்றது? ஆனால் அது ஐம்பது ஓவர் ஆட்டம். நீ புலம்புவது டெஸ்ட்டுக்கு.

டெஸ்ட்டில் அவர்கள் இருந்தபோது என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டாயா? 2024 அக்டோபரில் நியூசிலாந்து இங்கே வந்து மூன்றுக்கு மூன்று ஜெயித்துவிட்டுப் போனது. 2012க்குப் பிறகு அதுவரை சொந்த மண்ணில் நாம் தொடரே தோற்றதில்லை. அந்த மூன்று டெஸ்ட்டிலும் இரண்டு பேரும் ஆடினார்கள். ரோஹித் மொத்தம் 91, கோலி 93. அதுவும் ஆளுக்கு ஆறு இன்னிங்ஸில். அப்புறம் ஆஸ்திரேலியா போனோம். பெர்த்தில் கோலி அடித்த நூறைக் கழித்தால் மீதி எட்டு இன்னிங்ஸில் 90 ரன். எட்டு முறை அவுட், எட்டும் ஆஃப் ஸ்டம்புக்கு வெளியே போன பந்தைத் தொட்டுத்தான். அவர்கள் பந்துவீச்சாளர் போலண்ட் அங்கேதான் போடுவார் என்று நமக்குத் தெரியும், அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் மட்டை போய்விடுகிறது. ரோஹித் ஐந்து இன்னிங்ஸில் 31. சிட்னியில் கேப்டனே தன்னை உட்கார வைத்துக்கொண்டார்.

அங்கேதான் எனக்கு இடிக்கிறது. கேப்டன் தானாக ஒதுங்கினார். ஒதுங்கு என்று தேர்வுக்குழு சொல்லி ஒதுங்கவில்லை.

வயசுதான் குற்றம் என்று நான் சொல்லவே மாட்டேன். வாத்தியார் சொல்வார். முப்பத்தைந்து ஆனால் வீட்டுக்கு அனுப்பு என்பது அவர் கட்சி. அவரை நான் ஒரே கேள்வியில் மடக்கினேன்: இந்த நவம்பரில் நம்மைத் தோற்கடித்தது யார்? தென்னாப்பிரிக்க சுழற்பந்துக்காரர் சைமன் ஹார்மர். வயசு 36. பத்து வருஷத்துக்கு முன்னால் இதே இந்தியாவில் டெஸ்ட் ஆடிவிட்டு, பிறகு தேசிய அணியை விட்டு இங்கிலாந்து கவுண்டிக்குப் போய், திரும்பி வந்த மனுஷன். இரண்டு டெஸ்ட்டில் 17 விக்கெட், தொடர் நாயகன். கொல்கத்தாவில் 124 ரன் அடிக்க முடியாமல் நாம் 93க்குச் சுருண்டோமே, அந்த ஆடுகளத்தில் இரண்டு அணியிலும் சேர்த்து ஒரே ஒரு அரைசதம். அடித்தவர் அவர்கள் கேப்டன் பவுமா, அவருக்கும் 35. இளரத்தம் வேண்டும், இளரத்தம் வேண்டும் என்கிறார்கள். அந்த ஊர்க்காரர்கள் ரத்தத்தின் வயசைப் பார்க்கவில்லை, பந்து திரும்புகிறதா என்று பார்த்தார்கள். ஆர்க்கிடெக்டாக இருந்து சுழற்பந்துக்கு வந்த நம்ம வருண் சக்கரவர்த்தியையே எடுத்துக்கொள். ஒருநாள் அணிக்குள் வரும்போது வயசு 33. அடுத்த மாதமே துபாயில் நியூசிலாந்துக்கு எதிராக 5 விக்கெட். வயசுச் சான்றிதழ் பார்த்து ஆள் எடுத்திருந்தால் அவர் இன்னும் பில்டிங் பிளான் போட்டுக்கொண்டிருப்பார்.

அப்படியானால் என் பிரச்சினைதான் என்ன என்று கேட்பாய். நம்ம டீமையே நினைத்துப் பார். நமக்கு ஒரு கேப்டன் அண்ணன் இருந்தாரே. கிட் முழுக்க அவருடையது. மேட் அவருடையது, பேட் அவருடையது, காலுக்குக் கட்டும் பேட் அவருடையது, ஸ்டம்ப் கூட அவர் வீட்டுப் பரணில்தான் தூங்கும். நாற்பது தாண்டியும் அவர்தான் ஓப்பனிங். ஃபீல்டிங்கில் முதல் ஸ்லிப். கேட்ச் வந்தால் பந்து தாண்டிப் போன பிறகுதான் குனிவார். யாராவது வாயைத் திறந்தோமா? திறந்தால் அடுத்த ஞாயிறு பாலாற்று மணலில் தென்னைமட்டையோடு ஆட வேண்டியதுதான். அந்த டீமில் கவரில் பறந்து பிடிக்கிற பையன் ஒருத்தன் வருஷக்கணக்கில் தண்ணீர் பாட்டில் தூக்கினான். அண்ணனுக்குக் காய்ச்சல் என்று ஒரே ஒரு மேட்ச் கிடைத்தது, ஆற்காட்டு டீமோடு. அரைசதம் போட்டான். அடுத்த வாரம் காய்ச்சல் சரியாகிவிட்டது. பையன் மறுபடி பாட்டில் தூக்கப் போனான். அப்புறம் ஓசூரில் வேலை கிடைத்து ஊரை விட்டே போய்விட்டான். போகும் ராத்திரி காட்பாடி ஸ்டேஷனில் அந்த அண்ணனை அவன் திட்டிய திட்டு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. அந்தப் பையன் இன்றைக்கு எனக்கு எழுதுகிறான், சீனியர்களை மதிக்கத் தெரியாத நாடு என்று! மச்சான், இதை உன்னிடமிருந்து நான் எதிர்பார்க்கவில்லை.

நம்மூர் ஆட்டத்தில் காத்திருந்தவன் ஒரு வேலை தேடிக்கொண்டு போய்விட்டான். பத்ரிநாத் மாதிரி ஆள் எங்கே போவது? முதல்தர ஆட்டத்தில் பத்தாயிரத்துக்கு மேல் ரன், சராசரி 54. தமிழ்நாட்டுக்கு வருஷா வருஷம் அடித்துக் குவித்தார். நடுவரிசையில் திராவிட், சச்சின், கங்குலி, லக்ஷ்மண் என்று நாலு மலை. நியாயமான மலைகள்தான், மறுக்கவில்லை. 2010இல் திராவிடுக்கும் லக்ஷ்மணுக்கும் ஒரே நேரத்தில் அடிபட்ட பிறகுதான் நாக்பூரில் இவருக்குக் கதவு திறந்தது. வயசு 29. எதிரே தென்னாப்பிரிக்க வேகப்பந்துக்காரர் ஸ்டெய்ன், ஏழு விக்கெட் எடுத்த இன்னிங்ஸ். அதில் நம்ம ஆள் 56. அடுத்த டெஸ்ட்டில் சரியாக ஆடவில்லை. அவ்வளவுதான், மொத்தம் இரண்டே டெஸ்ட். கங்குலி, லக்ஷ்மண் கணக்கு எல்லா இடத்திலும் அச்சாகி இருக்கிறது. பத்ரிநாத் அடிக்காமல் போன ரன்னை எங்கே போய்ப் பார்ப்பது? நாம் சண்டை போடும்போதெல்லாம் உள்ளே இருப்பவன் ரன்னை மட்டுமே எண்ணுகிறோம்.

வேகப்பந்துக்காரர் ஸ்ரீநாத் கதையும் இதே ரகம். 1991இல் பிரிஸ்பேனில் முதல் டெஸ்ட். இந்திய மண்ணில் முதல் டெஸ்ட் ஆட 1994 கடைசி வரை காத்திருந்தார். மூன்று ஸ்பின்னர் வைத்து ஆடிய காலம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், கபில் ஹேட்லியின் 431 டெஸ்ட் விக்கெட் சாதனையை நோக்கி ஒவ்வொரு விக்கெட்டாக நகர்ந்துகொண்டிருந்தார். அகமதாபாத்தில் அவர் தாண்டிய அன்று நானும் கைதட்டினேன், இன்றைக்கும் தட்டுவேன், கபில் கபில்தான். ஆனால் ஸ்ரீநாத்தின் வேகமான வருஷங்கள் பெவிலியனில் கழிந்தன.

இப்போது அஸ்வினுக்கு வா. உனக்கும் எனக்கும் கருத்து ஒன்றாகும் ஒரே இடம் இதுதான். 2024 செப்டம்பரில், 38 முடிந்த இரண்டாம் நாள், சேப்பாக்கத்தில் வங்கதேசத்துக்கு எதிராக இறங்கி 113 அடித்து, இரண்டாம் இன்னிங்ஸில் 6 விக்கெட்டும் எடுத்தார். மூன்றே மாதம். பெர்த்தில் வாஷிங்டன், அடிலெய்டில் அஸ்வின், பிரிஸ்பேனில் ஜடேஜா என்று டெஸ்ட்டுக்கு ஒரு ஸ்பின்னராக மாற்றினார்கள். பிரிஸ்பேன் முடிந்ததும் போதும் என்று சொல்லிவிட்டு தொடரின் நடுவிலேயே வீட்டுக்கு வந்துவிட்டார். 537 விக்கெட் எடுத்தவருக்கு வழியனுப்பும் ஆட்டம் கூடக் கிடையாது. நியூசிலாந்துத் தொடருக்குப் பிறகே யாராவது உட்கார வைத்து, "இனி வாஷிங்டன்தான் முதல் ஆள், நீ இங்கிலாந்து வரை கூட இருந்து அவனுக்குச் சொல்லிக்கொடு, இல்லை சேப்பாக்கத்தில் ஒரு ஆட்டம் ஆடிவிட்டு விடைபெறு" என்று நேராகப் பேசியிருக்கலாம். நம் ஊரில் பெரிய ஆட்டக்காரனை யாரும் நீக்குவதில்லை. அவனுக்கே புரியட்டும் என்று விட்டுவிடுகிறோம். ஆறு மாதத்துக்குள் அஸ்வின், ரோஹித், கோலி என்று மூன்று பேரும் போனார்கள். புஜாராவும் ரஹானேயும் அதற்கு முன்பே வெளியே. பிறகு மூன்றாம் இடத்துக்கு கொல்கத்தாவில் வாஷிங்டன், கவுகாத்தியில் சாய் சுதர்சன் என்று தேட வேண்டியதாயிற்று. ஆக, நீ சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. அவர்கள் போனதால் ஓட்டை விழுந்தது நிஜம். ஆனால் அவர்கள் இருக்கும்போதே ஒருத்தரை எடுத்துவிட்டு ஒரு பையனை மற்றவர்கள் பக்கத்தில் நிற்க வைத்திருந்தால் ஓட்டை இவ்வளவு பெரிசாகியிருக்காது.

அப்படி ஒரு பையனை நிற்க வைத்த கதை உனக்கு ஞாபகம் இருக்கும். 2011-12 ஆஸ்திரேலியா. திராவிட், சச்சின், லக்ஷ்மண் மூன்று பேரும் அணியில். நாலுக்கு நாலு தோற்றோம். தொடர் முழுக்க இந்தியா சார்பில் ஒரே ஒரு சதம், அடிலெய்டில் 116. அடித்தவனுக்கு வயசு 23. அந்தத் தொடரின் நடுவிலேயே அவனைத் தூக்கு என்று நாம் இரண்டு பேரும்தான் கத்தினோம். பனியன் தம்பியிடம் இந்தக் கதையைச் சொன்னேன். "எங்க தலையவா?" என்று முறைத்தான். டீக்குக் காசு கூடக் கொடுக்காமல் போய்விட்டான்.

போன வாரச் செய்தியைப் பார்த்தாயா? டி20 உலகக் கோப்பை அணியிலிருந்து சுப்மன் கில்லை எடுத்துவிட்டார்கள். வயசு 26, துணை கேப்டன், இங்கிலாந்தில் 754 ரன் அடித்த டெஸ்ட் கேப்டன். இருந்தும் டி20இல் ரன் வரவில்லை, வெளியே. தேர்வுக்குழுத் தலைவர் அகர்கர் பத்திரிகையாளர்கள் எதிரே உட்கார்ந்து இதற்குப் பதில் சொன்னார். பாய் கொதித்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இப்படித்தான் இருக்க வேண்டும், 26க்கும் 38க்கும் ஒரே தராசு. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த டி20 கேப்டன் சூர்யகுமாரும் இந்த வருஷம் டி20இல் ஒரு அரைசதம் கூட அடிக்கவில்லையே என்று வாத்தியார் கேட்டார். எனக்கு உடனே நம்ம அண்ணன் வீட்டுப் பரண்தான் கண்ணில் வந்தது. கிட் அவருடையது ஆயிற்றே!

2027 உலகக் கோப்பை வரும்போது ரோஹித்துக்கு 40, கோலிக்கு 39 ஆகப்போகும். இருக்கலாமா என்று கேட்டாய். இன்றைய கணக்கில் இருக்கலாம். இந்த அக்டோபரில் சிட்னி ஒருநாள் ஆட்டத்தில் 121 அடித்ததும் ரோஹித்துதான். போன புதன்கிழமை விஜய் ஹசாரேயில் சிக்கிமோடு 155, கோலி ஆந்திராவோடு 131. சிக்கிம் பந்துவீச்சு என்று வாத்தியார் சிரிக்கிறார், சிரிக்கட்டும். உள்ளூர் ஆட்டத்துக்கு வந்து ஆடினார்களே, அதுவே எனக்குப் போதும். அதே நாளில் பீகாருக்காக சூர்யவன்ஷி என்கிற 14 வயசுப் பொடியன் 84 பந்தில் 190 அடித்திருக்கிறான். ஜெய்ஸ்வாலுக்கு விசாகப்பட்டினத்தில் இடம் கிடைத்ததே கில்லுக்குக் கழுத்து சரியில்லாததால்தான். போனவன் 116 போட்டான். கில் திரும்பி வந்தால் இவன் எங்கே போவான்? இந்தக் கேள்விக்கு உன் கடிதத்தில் பதில் இல்லை.

பொங்கலுக்கு வருவதாக எழுதியிருக்கிறாய், தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. முழங்காலை சிஎம்சியில் ஒரு முறை காட்டிவிடலாம், டோக்கன் விஷயம் நான் பார்த்துக்கொள்கிறேன். வரும்போது 2027க்கு உன் பதினொரு பேரை எழுதிக்கொண்டு வா. ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும், அவருக்காக யாரை வெளியே உட்கார வைக்கிறாய் என்று அந்தப் பெயரையும் எழுது. பாய்க்கும் அதே வீட்டுப்பாடம்தான் கொடுத்திருக்கிறேன், இன்னும் முடிக்காமல் தப்பித்துக்கொண்டிருக்கிறார்.

உன்,
மச்சான்