கிளினிக் நாளும் படகு நேரமும்

ஆசிரியர் அவர்கட்கு,

தீவகத்து முதியவர்கள் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையின் மாதாந்தக் கிளினிக்குக்காகப் படும் பாட்டைத் தங்கள் பத்திரிகை வாயிலாக உரியவர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு ஆகிய நான்கு தீவுகளில் வாழ்வோருக்கு இன்றும் படகுதான் வழி. அவசர நோயாளர்களைக் கடற்படையின் படகுகளில் கரைசேர்ப்பது பற்றி அவ்வப்போது செய்தி வருகிறது. அதே கடலை மாதந்தோறும் மாத்திரைக்காகவும் இரத்தப் பரிசோதனைக்காகவும் கடந்து வருவோரைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

எழுபதைக் கடந்த என் தமக்கையார் இத்தீவுகளுள் ஒன்றில் வசிக்கிறார். சலரோகமும் பிரஷரும் அவருக்கு நெடுங்காலமாக உண்டு. வெறுவயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டுமென்பதால், கிளினிக்குக்கு முதல்நாள் இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுவதோடு சரி. விடியப்புறம் எழுந்து, கடல்நீர் தெறித்து நனைந்துவிடாதபடி கிளினிக் கொப்பியை இரண்டு பொலித்தீன் பைகளில் சுற்றி, சிறிய பிளாஸ்கில் தேநீரும் இரண்டு துண்டு பாணும் எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்கு நடப்பார். படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து பேருந்தில் புங்குடுதீவு, வேலணை, பண்ணை வழியாகப் பட்டினம் சேர்ந்து, இலக்கத் துண்டு எடுத்து, இரத்தம் கொடுக்கும்போது பத்து மணி கடந்துவிடுகிறது. எட்டு மணித்தியாலம் சாப்பிடாதிருந்தாலே போதுமான ஒரு பரிசோதனைக்கு அவர் பதினான்கு மணித்தியாலம் பட்டினி கிடக்கிறார். சென்ற முறை வரிசையில் நின்றவர் வியர்த்து, கைகால் நடுங்கி, அருகிலிருந்த வாங்கில் சரிந்துவிட்டார். சீனி இறங்கியிருந்தது. தாதி ஒருவர் ஓடிவந்து சீனி கரைத்துப் பருக்கியதால் சற்று நேரத்தில் தேறினார். அந்தத் தாதிக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி என்றும் உண்டு. அங்கு பணியாற்றும் எவர் மீதும் எனக்குக் குறையில்லை. நாட்டை விட்டு வைத்தியர்கள் பலர் வெளியேறிவிட்ட இக்காலத்தில், எஞ்சியிருப்போர் இயன்றதற்கு மேல் செய்கிறார்கள். ஏற்பாடுதான் பிழை என்கிறேன்.

இந்தப் பட்டினிப் பயணத்தைத் தவிர்ப்பதற்குப் புதிய கட்டடம் எதுவும் தேவையில்லை. வெறுவயிற்று இரத்தத்தைத் தீவிலுள்ள வைத்தியசாலையிலேயே காலையில் எடுத்து, சீனியின் அளவு குறைந்துவிடாமல் காக்கும் ஃபுளோரைட் சேர்ந்த குழாயில் இட்டு, அன்றைய படகிலேயே ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். இரண்டு மூன்று மாதச் சீனி நிலையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனைக்கோ வெறுவயிறே வேண்டியதில்லை. அந்த இரத்தத்தைக் குளிரில் வைத்து மறுநாள் அனுப்பினாலும் கெடாது. நோயாளியின் உடலை ஏற்றி இறக்குவதிலும் பார்க்க ஒரு குளிர்ப்பெட்டியை ஏற்றி இறக்குவது எவ்வளவோ எளிது.

மருந்து விநியோகமும் அப்படியே. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது கிளினிக் நோயாளர்களின் மருந்துகள் அஞ்சல் திணைக்களத்தின் ஊடாக வீடுகளுக்கே அனுப்பப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நெருக்கடியில் சில வாரங்களுக்குள் செய்ய முடிந்ததைச் சாதாரண காலத்தில் நான்கு தீவுகளுக்கு மட்டுமாவது தொடர்வதற்கு என்ன தடை? எனக்குத் தெரிந்த தடை ஒன்றுதான். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலை மத்திய சுகாதார அமைச்சின் கீழும், தீவுகளிலுள்ள பிரதேச வைத்தியசாலைகள் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழும் இயங்குகின்றன. இரண்டுக்கும் நிர்வாகமும் மருந்துக் கையிருப்பும் வெவ்வேறு. ஓரிடத்து விசேட வைத்திய நிபுணர் கொப்பியில் எழுதும் மருந்து மற்றைய இடத்தில் இருக்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. இந்த இடைவெளியை அதிகாரிகள் ஒரே மேசையில் அமர்ந்து சரிசெய்யாதவரை, நோயாளியே அதைக் கடல் கடந்து நிரப்ப வேண்டியிருக்கிறது.

சோளகக் காற்றோ வாடைக் காற்றோ பலமாக வீசினால் படகு ஓடாது. அன்று கிளினிக் தவறிவிடும். கையிலுள்ள மாத்திரையைப் பாதியாக உடைத்து நாளைக் கடத்துவோர் பலர் என்று என் தமக்கையார் சொல்கிறார். அவருடைய அயலில் வசிக்கும் ஒருவர் அடுத்தடுத்து இரண்டு கிளினிக்குகளைத் தவறவிட்டார். உணர்ச்சி மரத்த காலில் கல் குத்தியதை அவர் அறியவில்லை. புண் பழுத்து, கடைசியில் கால்விரலொன்றை எடுக்க வேண்டியதாயிற்று. இன்சுலின் ஏற்றுவோரின் நிலை இன்னும் கடினம். மருந்தைப் பனிக்கட்டியுடன் பிளாஸ்கில் வைத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். குறிகட்டுவானில் வெயிலில் படகுக்காகக் காத்திருக்கையிலேயே பனிக்கட்டி கரைந்துவிடுகிறது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லாதவர்கள் ஈர மணலில் வைத்த மண்பானைக்குள் அதைப் பாதுகாக்கிறார்கள்.

எனவே மாகாண சுகாதாரத் திணைக்களத்தையும் மத்திய அமைச்சையும் நான் வேண்டிக்கொள்வது இதுதான்: நோய் கட்டுப்பாட்டில் உள்ளவர்களுக்கு வாடைக் காலத்தில் இரண்டு மாத மருந்தை ஒரே தடவையில் வழங்குங்கள்; ஏனைய மாதங்களில் அதைத் தீவு வைத்தியசாலைக்கே அனுப்பிவையுங்கள்; விசேட வைத்திய நிபுணர் ஒருவர் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது தீவுக்கு வந்து கிளினிக் நடத்த ஒழுங்கு செய்யுங்கள். ஒரு வைத்தியரும் ஒரு மருந்தாளரும் படகேறினால், அன்று அறுபது எழுபது முதியவர்கள் படகேறத் தேவையிருக்காது. அதுவரை, தீவிலிருந்து வருவோரின் கிளினிக் கொப்பியின் மேலட்டையில் ஓர் அடையாளம் இட்டு, அவர்களுக்கு முதலில் இரத்தம் எடுக்கும் ஒழுங்கையாவது செய்யலாம். அதற்குச் சுற்றறிக்கையோ நிதி ஒதுக்கீடோ வேண்டியதில்லை. வருகிற திங்கட்கிழமையே தொடங்கலாம்.

இங்ஙனம்,
தீவகத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை,
யாழ்ப்பாணம்.