"உனக்குத் தெரிஞ்சவரா?" என்று கேட்டாயே

ஆர்.கே.புரம், புது தில்லி
5.6.2022

அன்புள்ள கண்ணாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். புதன்கிழமை நீ போன் செய்தபோது நான் சரியாகப் பேசவில்லை. "ஏம்மா இப்படி அழறே, உனக்குத் தெரிஞ்சவரா அவர்?" என்று கேட்டாய். கோபத்தில் கேட்கவில்லை, பயந்துபோய்க் கேட்டாய். அதற்கு அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. நாலு நாளாக அந்தக் கேள்வியோடுதான் சமைக்கிறேன், துணி துவைக்கிறேன். வாட்ஸ்அப்பில் தட்ட ஆரம்பித்தால் பாதியில் கண் மறைக்கிறது. அதனால் பேப்பரில் எழுதி போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

திங்கட்கிழமை சாயங்காலம் இங்கே பெரிய சூறாவளிக் காற்று. ஜும்மா மசூதிக் கலசமே உடைந்து விழுந்தது. நம் குவார்ட்டர்ஸ் வாசல் வேப்பமரம், நீ ஏறி விளையாடியது, பாதியாக முறிந்து ஒயர் மேல் சாய்ந்துவிட்டது. கரண்ட் வரச் செவ்வாய் ராத்திரி ஆயிற்று. போனைச் சார்ஜில் போட்டேன், முதலில் வந்த செய்தி அதுதான். பாடகர் கே.கே. போய்விட்டார். கொல்கத்தா நஸ்ருல் மஞ்ச் அரங்கில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பாடிவிட்டு ஹோட்டலுக்குத் திரும்பியவர். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது உயிர் இல்லை. வயசு 53. அப்பாவைவிட ஒரு வயசுதான் மூத்தவர்.

தெரிந்தவரா என்றால், ஒரு நாளும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் இந்த ஊரில் எனக்கு முதலில் தெரிந்த ஆள் அவர்தான் என்று சொன்னால் நம்புவாயா?

1997 ஜனவரியில் மன்னார்குடியிலிருந்து இங்கே வந்தேன். அந்தக் குளிரை நான் கதையில்கூடப் படித்ததில்லை. காலையில் அப்பா சார்ட்டர்ட் பஸ்ஸில் ஆபீஸ் போனால் ராத்திரி ஏழு மணிக்குத்தான் வருவார். நடுவில் பேச ஆள் கிடையாது. இந்தி ஒரு வார்த்தை வராது. சப்ஜிக்காரன் விலை சொன்னால் விரலைப் பார்த்துக் காசு கொடுப்பேன். ஊரிலிருந்து மாமா அனுப்பிய 'மின்சார கனவு' கேசட் ஒன்றுதான் வீட்டில் தமிழ் பேசியது. அதில் 'ஸ்ட்ராபெரி கண்ணே' பாடியது யார் என்றெல்லாம் அப்போது பார்க்கவில்லை.

நீ பிறந்து, உனக்கு ஒரு வயசு நடக்கும்போது, 1999 கோடையில், மாடி வீட்டுப் பஞ்சாபிப் பெண் நாள் பூராவும் ஒரே கேசட்டைப் போடுவாள். 'பல்' என்று பெயர். மத்தியானம் கூலர் சத்தத்துக்கு நடுவே அந்தக் குரல் ஜன்னல் வழியாக இறங்கி வரும். நீ அழுகையை நிறுத்திவிட்டு மேலே பார்ப்பாய். அந்தக் குரலில் ஒரு பிசிறு உண்டு, உச்சத்துக்குப் போகும்போது தொண்டை கிழியப்போகிறதோ என்று நமக்குப் பதறும், ஆனால் கிழியாது. ஒருநாள் வெட்கத்தை விட்டு மேலே போய்ச் சைகையிலேயே கேட்டு அந்தக் கேசட்டை வாங்கி வந்தேன். இந்தியில் பல் என்றால் ஒரு கணம் என்று அவள்தான் சொல்லித் தந்தாள். இந்தியில் நான் ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அது.

அட்டையில் கே.கே. என்று இரண்டே எழுத்து. எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அலமாரியிலிருந்து மின்சார கனவு கேசட்டை எடுத்து உள்ளே மடித்திருந்த தாளைப் பிரித்தேன். அதே இரண்டு எழுத்து. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, நான் இரண்டு அட்டைகளையும் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். என் தமிழும் இந்த ஊர் இந்தியும் ஒரே தொண்டையிலிருந்து வந்திருக்கின்றன. அப்புறம்தான் எனக்கு தில்லியில் பயம் தெளிந்தது.

அவர் மலையாளி, பிறந்து வளர்ந்ததெல்லாம் தில்லி. இதோ பக்கத்துக் கன்டோன்மென்ட்டில் மவுன்ட் செயின்ட் மேரீஸ் பள்ளி, அப்புறம் கிரோரிமல் கல்லூரி. முறையாகச் சங்கீதம் படித்தவர் இல்லை. சினிமாவுக்கு முன்னால் ஆயிரக்கணக்கில் விளம்பரங்களுக்குப் பாடியவர். 'தடப் தடப்' கேட்டு இந்திக்காரர்கள் எங்கள் ஆள் என்றார்கள். 'உயிரின் உயிரே' கேட்டு நாம் நம் ஆள் என்றோம். நீ சின்ன வயசில் தமிழ் பேச மாட்டேன் என்று அடம்பிடித்தாயே, 'அப்படிப் போடு' வந்த வருஷம் வீடு முழுக்க அதைக் கத்திக்கொண்டு ஓடினாய். அதுவும் அவர் பாடியதுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு ஃபேர்வெல்லில் நீங்கள் எல்லோரும் தோளில் கைபோட்டு அவருடைய 'யாரோன்' என்ற நட்புப் பாட்டைப் பாடியதாகச் சொன்னாய். தில்லியில் அந்தப் பாட்டு இல்லாமல் எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வருகிறது!

சரி, உண்மையில் எதற்காக அழுதேன் என்று சொல்கிறேன். உன் கல்லூரி விழாவுக்கு அவர் வந்தார். ஒரு பாஸ் கூடுதலாக இருக்கிறது, வாம்மா என்று மூன்று தடவை கூப்பிட்டாய். பசங்கள் கூட்டத்தில் நான் எதற்கு, இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அன்றைக்கு ராத்திரி நீ போன் செய்து, பேசாமல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டாய். நான் சமையலறையில் ஒரு காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். ஒரே இரைச்சல், பிள்ளைகள் கத்தல், அதற்கு நடுவே அந்தக் குரல். அப்பா சாப்பாடு கேட்டார். கையைக் காட்டி நிறுத்தினேன். மூன்று பாட்டு கேட்டேன். அவ்வளவு நேரம் உனக்குக் கை வலித்திருக்கும். இன்னொரு தடவை என்று நான் சொன்னது இனி இல்லை.

கொல்கத்தாவில் கடைசியாகப் பாடியதும் அந்தப் 'பல்' பாட்டுதானாம். டிவியில் காட்டினார்கள். முகத்தைத் துடைத்துக்கொண்டே பாடுகிறார். இதயம் என்று சொல்கிறார்கள். நெஞ்சில் லேசாக என்ன செய்தாலும் வாயு என்று விட்டுவிடாதே, உடனே டாக்டரிடம் போ. வியாழக்கிழமை மும்பை வெர்சோவாவில் எல்லாம் முடிந்தது. சாயங்காலம் மலை மந்திர் முருகன் கோயிலுக்குப் போய்ப் படியிலேயே உட்கார்ந்திருந்தேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் கூட வந்து உட்கார்ந்தார்.

அன்றைக்கு நீ ஒரு நிமிஷம் வீடியோவும் எடுத்ததாகச் சொன்னாய். போனில் இடம் இல்லை, அப்புறம் அனுப்புகிறேன் என்றாய். நானும் மறந்துவிட்டேன். அந்தப் பழைய போன் உன் பெட்டியில்தான் இருக்கும். இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமைதானே, சார்ஜ் போட்டுப் பாரேன், கண்ணா. இரைச்சலாக இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே அனுப்பு.

அன்புடன்
அம்மா